அழைப்பு மையத்தில் ‘லாகின்’ ஆகவில்லையா? சம்பளக் கணக்கு தவறும் முன் கவனிக்க வேண்டியவை

காலை 7 மணி ஷிப்ட். 6.50-க்கே மேசைக்கு வந்து, ஹெட்செட்டை மாட்டி, கணினியைத் திறந்தாயிற்று. எண்ணையும் கடவுச்சொல்லையும் தட்டினால், திரை சிவப்பு எழுத்தில் ஏதோ சொல்லி வெளியே தள்ளுகிறது. மறுபடி தட்டினால் மறுபடியும் அதே. பக்கத்து மேசை அக்கா, “ரீஸ்டார்ட் பண்ணிப் பாரும்மா” என்கிறார். டீம் லீடர் இன்னும் வரவில்லை. ஐ.டி. பிரிவுக்குப் போன் போட்டால் அங்கும் வரிசை. ஒருவழியாக உள்ளே போகும்போது மணி 7.25. மாதக் கடைசியில் சம்பளச் சீட்டைப் பார்த்தால் முழு வருகைக்கான ஊக்கத்தொகை இல்லை. காரணம் கேட்டால், “சிஸ்டத்தில் லேட் என்று இருக்கிறது” என்ற ஒரே பதில்.

அழைப்பு மையங்களில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு இது புதிய கதை அல்ல. எஸ்.பி.எம். முடித்த கையோடு தோட்டத்திலிருந்தும் சிறு பட்டணங்களிலிருந்தும் வந்து, கோலாலம்பூர், சைபர்ஜெயா, பினாங்கு பக்கம் அறை எடுத்துத் தங்கி இந்த வேலையில் சேர்ந்தவர்கள் பலர். மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றும் சரளமாக வருபவர்களுக்கு வங்கி, காப்புறுதி, தொலைத்தொடர்பு மையங்களில் கதவு எளிதாகத் திறக்கிறது. ஆனால் வேலை வாயால் பேசுவது என்றாலும், வேலை அளக்கப்படுவது மென்பொருள் எழுதி வைக்கும் நொடிக் கணக்கில்தான். தாத்தா பாட்டி காலத்தில் பெரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்தார்கள். கிராணியார் செக்ரோலில் பெயர் விட்டுப்போனால் அன்றைய கூலி போனது போனதுதான். பேரப்பிள்ளைகளின் செக்ரோல் இப்போது தொலைபேசி மென்பொருளுக்குள் இருக்கிறது. அதைத் திறந்து பார்க்கவும், தவறு இருந்தால் சுட்டிக்காட்டவும் தெரிந்திருப்பது அவசியம்.

ஒரு லாகின் அல்ல, மூன்று

‘லாகின் ஆகவில்லை’ என்று ஒரே சொல்லில் சொன்னாலும், அழைப்பு முகவர் ஒருவர் தம்மை மூன்று இடங்களில் அடையாளம் காட்டுகிறார். முதலாவது, நிறுவனத்தின் கணினி வலையமைப்பு. விண்டோஸ் பெயர், கடவுச்சொல், வீட்டிலிருந்து வேலை என்றால் விபிஎன் எல்லாம் இதில் அடங்கும். இரண்டாவது, தொலைபேசி. அது மேசைமேல் இருக்கும் கருவியாக இருக்கலாம், கணினிக்குள் இருக்கும் சாஃப்ட்போனாக இருக்கலாம்; ஓர் எக்ஸ்டென்ஷன் எண்ணோடு தொலைபேசிச் சேவையகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். மூன்றாவது, ஏஜெண்ட் எண். வரும் அழைப்புகளை யாருக்கு அனுப்புவது என்று முடிவு செய்யும் பகிர்வுப் பகுதியில் ‘நான் வேலைக்கு வந்துவிட்டேன்’ என்று சொல்வது இந்த எண்ணால்தான்.

எக்ஸ்டென்ஷன் என்பது பெரும்பாலும் நாற்காலிக்கு உரியது. ஏஜெண்ட் எண் ஆளுக்கு உரியது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இந்த இரண்டையும் மாற்றி மாற்றித் தட்டுவதாலேயே முதல் வாரத்தில் பாதிச் சிக்கல் வருகிறது. ஐ.டி. பிரிவைக் கூப்பிட்டதும், “லாகின் ஆகலைங்க” என்பதை விட, “விண்டோஸ் திறக்கிறது, போனில் டயல் டோன் இருக்கிறது, ஏஜெண்ட் எண்ணை மட்டும் ஏற்க மறுக்கிறது” என்று சொன்னால் மறுமுனையில் இருப்பவருக்கு எங்கே பார்ப்பது என்று உடனே தெரிந்துவிடும்.

எந்தக் கதவு பூட்டியிருக்கிறது என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. அலுவலகத்தின் உள்பக்க இணையதளம் திறக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு பக்கத்து மேசையின் எக்ஸ்டென்ஷனுக்கு ஓர் அழைப்பு. மணி அடித்தால் தொலைபேசிப் பகுதியில் குறை இல்லை. இரண்டும் சரியாக இருந்தும் உள்ளே விடவில்லை என்றால், கோளாறு மூன்றாவது கதவில்.

கடவுச்சொல்லும் கடிகாரமும்

கடவுச்சொல் தவறு என்பதில் பேச அதிகமில்லை. ‘கேப்ஸ் லாக்’ விசை, எண் விசைப்பலகையின் ‘நம் லாக்’ இரண்டையும் பார்த்துவிட்டு, மூன்றாவது முறைக்கு மேல் குருட்டாம்போக்கில் தட்டாமல் நிறுத்திக்கொள்வது நல்லது. பல நிறுவனங்களில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் தவறினால் கணக்கு பூட்டிக்கொள்ளும். பூட்டைத் திறந்துவிட்ட பிறகும் பத்து நிமிடத்தில் மறுபடி பூட்டிக்கொண்டால், கைப்பேசியைச் சந்தேகிக்க வேண்டும். அலுவலக மின்னஞ்சலைக் கைப்பேசியில் வைத்திருப்பவர்கள், கணினியில் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு கைப்பேசியில் மாற்ற மறந்துவிடுவார்கள். சட்டைப்பைக்குள் இருந்தபடியே அது பழைய கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப அனுப்பி, கணக்கைப் பூட்ட வைக்கும்.

கடிகாரம் இன்னொரு மறைவான காரணம். விண்டோஸ் வலையமைப்புகளில் ஆளை உறுதிசெய்யும் கெர்பரோஸ் முறை, கணினியின் நேரமும் சேவையகத்தின் நேரமும் 5 நிமிடத்துக்கு மேல் விலகியிருந்தால் வழக்கமான அமைப்பில் அனுமதி தராது. கடவுச்சொல் சரியாகவே இருக்கும், உள்ளே விடாது. கைப்பேசிச் செயலியில் தோன்றும் 6 இலக்க எண்ணும் அப்படித்தான். பொதுவாக 30 நொடிக்கு ஒருமுறை மாறும் அந்த எண், நேரத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. கைப்பேசியின் நேரத்தைக் கையால் மாற்றி வைத்திருப்பவர்களுக்கு அது ஒருநாளும் பொருந்தாது. நேரத்தைத் தானியங்கியாக விட்டுவிட்டால் சிக்கல் தீரும். பழைய மடிக்கணினிகளில் உள்ளே இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்துபோனாலும் கடிகாரம் பின்னோக்கிப் போய்விடும்.

திரையில் தோன்றும் எண்கள் பேசும்

சாஃப்ட்போன் வைத்திருப்பவர்கள் அடிக்கடி பார்ப்பது மூன்று இலக்க எண்கள். இவை மென்பொருள் நிறுவனம் தன் இஷ்டத்துக்கு வைத்தவை அல்ல. இணையவழித் தொலைபேசிக்கான ‘சிப்’ என்ற பொது விதிமுறையில் உள்ளவை. 401 என்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ‘யார் நீ, கடவுச்சொல்லைக் காட்டு’ என்று சேவையகம் கேட்பது அது. ஒவ்வொரு பதிவிலும் முதலில் ஒருமுறை வந்து போகும். அதிலேயே சிக்கி நின்றால்தான் கடவுச்சொல் பிழை. 403 வந்தால் சேவையகம் கோரிக்கையைப் புரிந்துகொண்டு மறுத்துவிட்டது என்று பொருள்: கணக்கு முடக்கப்பட்டிருக்கலாம், அல்லது அந்த இடத்திலிருந்து வர அனுமதி இல்லாமல் இருக்கலாம். 404 என்றால் அந்த எக்ஸ்டென்ஷனே அங்கு இல்லை. பெரும்பாலும் எண்ணைத் தவறாகத் தட்டியிருப்பார்கள். 408 வந்தால் கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பயனில்லை. கோரிக்கைக்கு உரிய நேரத்துக்குள் பதிலே வரவில்லை. விபிஎன், வைஃபை, தடுப்புச்சுவர் இவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

பெரிய மையங்களில் பரவலாக உள்ள சிஸ்கோவின் ‘ஃபினெஸ்’ திரையில் ஏஜெண்ட் பெயர், கடவுச்சொல், எக்ஸ்டென்ஷன் மூன்றையும் ஒன்றாகக் கேட்கும். இதில் மூன்றாவதுதான் பலரைக் கவிழ்க்கிறது. முந்தைய ஷிப்டில் அதே மேசையில் இருந்தவர் முறையாக வெளியேறாமல் உலாவியை மூடிவிட்டுப் போயிருந்தால், அந்த எக்ஸ்டென்ஷன் இன்னும் அவர் பெயரிலேயே இருக்கலாம். அல்லது நேற்று வேறு மேசையில் இருந்தபோது திறந்த உங்கள் கணக்கே வேறு எக்ஸ்டென்ஷனில் தொங்கிக்கொண்டிருக்கலாம். இதற்குக் கணினியை மூடித் திறப்பது மருந்தல்ல. மேற்பார்வையாளர் தம் திரையிலிருந்து அந்த ஆளை வெளியேற்ற முடியும். ஒரு நிமிட வேலை.

மேசை மாற்றத்துக்குப் பிறகு வரும் கோளாறு வேறு வகை. சிஸ்கோ மேசைத் தொலைபேசி ஒவ்வொன்றுக்கும் அதன் வன்பொருள் முகவரியை ஒட்டி ஒரு பெயர் உண்டு. ‘எஸ்இபி’ என்று தொடங்கி 12 எழுத்தெண்கள் வரும். அழைப்பு மையச் சேவையகம் அந்தத் தொலைபேசியைத் தன் கட்டுப்பாட்டில் எடுக்க வேண்டுமானால், அதற்கென ஒதுக்கப்பட்ட பயனர் கணக்கின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்க வேண்டும். பழுதான தொலைபேசியை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தவர் எக்ஸ்டென்ஷன் எண்ணை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டு, பட்டியலில் சேர்க்க மறந்திருப்பார். விளைவு: தொலைபேசி மணி அடிக்கும், வெளியே பேசலாம், பக்கத்து மேசையோடு பேசலாம், ஏஜெண்டாக மட்டும் உள்ளே போக முடியாது. “போன் நல்லாத்தானே இருக்கு” என்று ஐ.டி. நண்பர் சொன்னால், கட்டுப்பாட்டுப் பட்டியலில் கருவியின் பெயர் இருக்கிறதா என்று பணிவாக ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம். அதே எக்ஸ்டென்ஷன் இன்னொரு தொலைபேசியிலும் பகிரப்பட்டிருந்தாலும் இந்தத் தொல்லை வரும்.

உலாவி வழியாக வேலை செய்பவர்கள் ஒரே கணக்கை இரண்டு தாவல்களில் திறக்கக் கூடாது. முன்பு சரியாக இருந்த பக்கம் திடீரென்று வெள்ளையாக நின்றால், மறைநிலைச் சாளரத்தில் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். அங்கே திறந்தால், பழைய தேக்கத் தரவை அழித்துவிட்டால் போதும். ஒலிவாங்கிக்கு அனுமதி கேட்டுத் தோன்றும் சிறு பெட்டியில் அவசரத்தில் ‘வேண்டாம்’ என்று அழுத்தியவர்கள், முகவரிப் பட்டையில் உள்ள பூட்டுச் சின்னத்தின் பக்கம் போய் அதை மாற்றிக்கொள்ளலாம்.

வீட்டிலிருந்து வேலை

“100 எம்பிபிஎஸ் லைன் எடுத்திருக்கிறேன், அப்படியும் குரல் உடைகிறது” என்ற புகார் பொதுவானது. வேகம் இங்கே காரணமே அல்ல. ஜி.711 முறையில் ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் தேவைப்படுவது உறை எல்லாம் சேர்த்து 87 கேபிபிஎஸ் அளவுதான், சுருக்கப்பட்ட ஜி.729 முறையில் 31 கேபிபிஎஸ். குரலைக் கெடுப்பது தாமதமும், பொட்டலங்கள் வழியில் தொலைவதும், சீரற்று வந்து சேர்வதும். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழிகாட்டல். தம்பி அடுத்த அறையில் விளையாட்டைப் பதிவிறக்கம் செய்யும்போது அந்த எல்லை தாண்டிப் போகும். வைஃபையை விட்டுவிட்டு ரௌட்டரிலிருந்து நேரே ஒரு கம்பியை மடிக்கணினிக்கு இழுப்பதுதான் இருக்கும் வைத்தியங்களிலேயே மலிவானது.

லாகின் ஆகிறது, அழைப்பும் வருகிறது, ஆனால் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை என்றால் காரணம் வேறு. அழைப்பை ஏற்படுத்தும் செய்தி ஒரு வழியிலும் குரல் இன்னொரு வழியிலும் பயணிக்கின்றன. ‘சிப்’ செய்திக்கு வழக்கமான வாசல் 5060. ஆஸ்டரிஸ்க் என்ற திறந்தமூல மென்பொருளை வைத்து நடக்கும் மையங்களில், குரலுக்கான வாசல்கள் வழக்கமாக 10000 முதல் 20000 வரை. முதல் வாசல் திறந்தும் இரண்டாவது அடைத்தும் இருந்தால் மணி அடிக்கும், குரல் வராது. வீட்டு ரௌட்டர்கள் சிலவற்றில் ‘சிப் ஏஎல்ஜி’ என்றோர் அம்சம் தொழிற்சாலையிலிருந்தே இயங்கிய நிலையில் வரும். உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு அது தொலைபேசிச் செய்தியில் உள்ள முகவரிகளைத் திருத்தி எழுதும். அதுவே பதிவு அறுந்து அறுந்து போவதற்கும் ஒருபக்கக் குரலுக்கும் காரணமாவதுண்டு. ஐ.டி. பிரிவிடம் கேட்டுக்கொண்டு அதை நிறுத்திப் பார்க்கலாம்.

உள்ளே போயாயிற்று, அழைப்பு வரவில்லை

இதைப் பலர் அதிர்ஷ்டம் என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுகிறார்கள். அது கூடாது. அழைப்பு வராத ஒரு மணி நேரம் அறிக்கையில் ‘தயார் இல்லை’ என்று பதிவாகியிருக்கலாம்.

ஏஜெண்டுக்கு மணி அடித்து அவர் எடுக்காவிட்டால், மென்பொருள் அவரைத் தானாகவே இடைநிறுத்தி வைக்கும்படி பல மையங்களில் அமைத்திருக்கிறார்கள். கழிவறைக்குப் போய்விட்டு வந்தவர் திரையைக் கவனிக்காமல் உட்கார்ந்திருப்பார். மென்பொருளின் கணக்கில் அவர் இன்னும் வெளியே. இணைப்பு சற்று அறுந்து திரும்பினாலும் இதே நிலைதான். ஃபினெஸ் திரையோடு தொடர்பு அறுந்தால் ஏஜெண்டை அது ‘தயார் இல்லை’ நிலைக்குத் தள்ளி, இணைப்புக் கோளாறு என்று காரணத்தையும் எழுதி வைக்கிறது. இந்தக் காரணக் குறியீடு ஏஜெண்டுக்குச் சாதகமான சாட்சி. அவராக எழுந்து போகவில்லை, இணைப்புதான் போயிற்று என்று அதுவே சொல்கிறது. அறிக்கையை எடுப்பவர்கள் மொத்த நேரத்தை மட்டும் கூட்டிவிட்டுக் காரணப் பத்தியைப் பார்ப்பதில்லை என்பதே குறை.

ஆஸ்டரிஸ்கில் இன்னொன்றும் உண்டு. 1999-இல் மார்க் ஸ்பென்சர் என்ற அமெரிக்க இளைஞர் தொடங்கிய இந்த மென்பொருளின் வரிசைகளில் ஏஜெண்டுகளை இரண்டு விதமாகச் சேர்க்கலாம்: நிரந்தரமாக எழுதி வைப்பது, அல்லது ஷிப்டுக்கு ஷிப்ட் சேர்ந்து விலகுவது. இரண்டாவது வகையில், உறுப்பினர்களை நினைவில் வைத்திருக்கும் அமைப்பு ‘ஆம்’ என்று இல்லாவிட்டால், இரவில் சேவையகத்தை நிறுத்தித் தொடங்கியதும் எல்லாரும் வரிசையிலிருந்து விழுந்துவிடுவார்கள். ஏஜெண்டின் சாஃப்ட்போன் பச்சை விளக்கோடு ‘பதிவாகியுள்ளது’ என்றே காட்டும். அழைப்பு மட்டும் வராது. வரிசையிலிருந்து விலகி மறுபடி சேர்ந்தால் சரியாகிவிடும்.

மொழித்திறன் ஒதுக்கீடு விடுபட்டிருப்பதும் உண்டு. தமிழ் வரிசையில் சேர்க்கப்படாத ஏஜெண்டுக்குத் தமிழ் அழைப்பு வராது. மற்ற வரிசைகள் அமைதியாக இருந்தால் அன்று முழுவதும் அவர் எண்ணிக்கை பூஜ்யம்தான்.

தரவு பொய் சொல்லும் இடங்கள்

சம்பளத்தைத் தொடுவது இந்தப் பகுதி என்பதால் நின்று பார்க்க வேண்டும்.

முதலில் நேர மண்டலம். மென்பொருள்கள் பெரும்பாலும் நிகழ்வுகளை உலகப் பொது நேரத்தில் சேமித்து வைக்கின்றன. 1982 ஜனவரி 1 முதல் மலேசியாவின் நேரம் அதைவிட 8 மணி முன்னே. அறிக்கை எடுப்பவர் நேர மண்டலத்தை மாற்ற மறந்தால், ‘ஒரு நாள்’ என்பது நம் நாட்டின் காலை 8 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8 மணிக்கு முடியும். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 7 முதல் மாலை 4 வரை வேலை செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். திங்கள் காலை 7 முதல் 8 வரை அவர் செய்த வேலை, அறிக்கையில் ஞாயிறு இரவு 11 மணிக்குப் போய் விழும். செவ்வாய் முதல் மணி நேரம் திங்களில் சேர்ந்துகொள்ளும். இப்படியே நகர்ந்து, வெள்ளிக்கிழமைக்கு 8 மணி நேரம்தான் மிஞ்சும். வாரக் கூட்டுத்தொகை சரியாகவே வரும் என்பதால் யாருக்கும் சந்தேகம் எழாது. ஆனால் ஞாயிறு அவருக்கு ஓய்வு நாள். சம்பளப் பிரிவில் ஓய்வு நாள் வரிசையைக் கழித்துவிட்டுக் கூட்டினால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் காணாமல் போகும். வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் குறைவாக வேலை செய்ததாகக் கேள்வியும் வரும். மாத முதல் நாளின் அந்த ஒரு மணி நேரமோ முந்தைய மாதக் கணக்கிலேயே போய்ச் சேரும்.

கண்டுபிடிப்பது எளிது. உங்கள் ஒரு நாள் அறிக்கையில் முதல் லாகின் நேரத்தைப் பாருங்கள். காலை 7-க்கு வந்தவருக்கு 23.00 என்று இருந்தால் விஷயம் விளங்கிவிடும்.

அடுத்தது, எடுக்காத அழைப்புகள். ஆஸ்டரிஸ்க் தன் வரிசைப் பதிவேட்டில் ஒவ்வொரு நிகழ்வையும் ஒரு வரியாக எழுதுகிறது. வாடிக்கையாளர் வரிசையில் நுழைந்தது ஒரு வரி, ஏஜெண்டோடு இணைந்தது ஒரு வரி, மணி அடித்தும் எடுக்காதது ஒரு வரி. நேரம் மட்டும் 1970 ஜனவரி 1 முதல் எண்ணப்பட்ட நொடிகளாக ஒரு நீண்ட எண்ணில் இருக்கும். ஹெட்செட் பழுதாகி ஒருவர் ஓர் அழைப்பை எடுக்க முடியாமல் தவிக்கும்போது, மணி சில நொடிகள் அடித்து நின்று, மீண்டும் அவருக்கே வந்து அடிக்கலாம். ஒவ்வொரு முறையும் ஒரு வரி. ஒரே வாடிக்கையாளர், ஒரே அழைப்பு; பதிவேட்டில் நான்கு ‘எடுக்கவில்லை’. அறிக்கை தயாரிப்பவர் வரிகளை எண்ணினால் நான்கு தவறு. அழைப்பின் தனி எண்ணை வைத்து எண்ணினால் ஒன்று. எச்சரிக்கைக் கடிதம் கையில் கிடைத்தவர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: எண்ணியது வரிகளையா, அழைப்புகளையா?

ஆளுக்குப் பதிலாக நாற்காலியை எண்ணும் அறிக்கைகளும் உண்டு. ஏஜெண்ட் எண்ணில் அல்லாமல் எக்ஸ்டென்ஷனில் தரவு சேர்ந்தால், கணினி பழுதாகி அன்று பக்கத்து மேசையில் உட்கார்ந்தவரின் உழைப்பு முழுவதும் பக்கத்து மேசைக்காரர் பெயரில் ஏறிவிடும். மேசை மாறிய நாள்களைச் சொந்தமாகக் குறித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே இது தெரியவரும்.

மேற்பார்வையாளர் சுவரில் காட்டும் நேரலைத் திரைக்கும் மாதாந்திர அறிக்கைக்கும் சிறு வேறுபாடு இருப்பது இயல்பு. அறிக்கைகள் கால் மணி, அரை மணிக் கட்டங்களாகப் பிரிந்திருக்கும். 9.28-க்குத் தொடங்கி 9.34-க்கு முடிந்த அழைப்பு எந்தக் கட்டத்தில் விழும் என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். ஓரிரு அழைப்பு வித்தியாசத்துக்காகச் சண்டை போட வேண்டியதில்லை.

காத்திருந்த நேரமும் வேலை நேரமா?

தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் பொருந்தும் 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60ஏ பிரிவு, வேலை நேரம் என்றால் என்ன என்று விளக்கம் தருகிறது. தொழிலாளி முதலாளியின் பயன்பாட்டுக்கு உட்பட்டு, தன் நேரத்தையும் நடமாட்டத்தையும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடியாமல் இருக்கும் காலம் அது. ஷிப்ட் தொடங்கிவிட்டது, மேசையில் இருக்கிறார், ஐ.டி. பிரிவின் பதிலுக்காகக் காத்திருக்கிறார் என்றால் அவர் சும்மா இருந்ததாகச் சொல்ல இந்த விளக்கம் இடம் தருவதாகத் தெரியவில்லை. மென்பொருள் 7.25 என்று எழுதியிருப்பது அவர் மென்பொருளுக்குள் நுழைந்த நேரம். வேலைக்கு வந்த நேரத்துக்கு அது ஒரு சாட்சி மட்டுமே. நுழைவாயில் அட்டைப் பதிவும் ஒரு சாட்சிதான்.

2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு உச்ச வேலை நேரம் 48-லிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டது. மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்போகாதவர்களுக்குச் சாதாரண நாளில் கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு தர வேண்டும். ஆகவே அறிக்கையில் நகர்ந்துபோகும் ஒரு மணி நேரம், கூடுதல் நேரக் கணக்கிலும் கைவைக்கலாம். சம்பளத்திலிருந்து எதைப் பிடிக்கலாம், எதைப் பிடிக்கக் கூடாது என்பதை அதே சட்டத்தின் 24-வது பிரிவு வரையறுக்கிறது. முழு வருகை ஊக்கத்தொகை மட்டும் வேறு: அது வேலை ஒப்பந்தத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அந்தப் பத்தியைக் கையெழுத்துப் போடும் நாளிலேயே படித்து வைப்பது நல்லது.

அவசரத்தில் செய்யும் பெரிய தவறு

லாகின் ஆகாத நேரத்தில், “என் ஐடியில போய்க்கோடா, அப்புறம் பார்த்துக்கலாம்” என்று நண்பர் நீட்டும் உதவி ஆபத்தானது. அந்த ஐடியில் நடக்கும் ஒவ்வொரு அழைப்பும், திறக்கப்படும் ஒவ்வொரு வாடிக்கையாளர் கணக்கும் நண்பர் செய்ததாகவே பதிவாகும். வங்கி மையத்தில் ஏதேனும் பணம் காணாமல் போனால் விசாரணை அவரிடம்தான் தொடங்கும். 1997 கணினிக் குற்றச் சட்டத்தின் 6-வது பிரிவு, அனுமதி இல்லாத ஒருவருக்குக் கடவுச்சொல்லைத் தெரிவிப்பதையே குற்றமாக்குகிறது. 25,000 ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நட்புக்கு இது அதிக விலை.

இன்னொரு பக்கமிருந்தும் தூண்டில் வரும். “ஐ.டி.லருந்து பேசுறேன் தம்பி, உங்க லாகின் பிரச்சினையைச் சரி பண்றேன், போன்ல வந்த ஆறு நம்பரைச் சொல்லுங்க” என்று கேட்பவர் உண்மையான ஐ.டி. ஊழியராக இருக்க வாய்ப்பில்லை. கணக்கைச் சரிசெய்ய அவருக்கு அந்த எண் தேவையே இல்லை. வைத்துவிட்டு, அலுவலக உள்தொடர்பு எண்ணில் நீங்களே திரும்ப அழைக்க வேண்டும்.

எழுதி வைக்க வேண்டியவை

கோளாறு வந்த நிமிடத்திலேயே டீம் லீடருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வாட்ஸ்அப் குறுஞ்செய்தி போதும், அதில் நேரம் தானாகப் பதிவாகிவிடும். திரையில் வந்த வாசகம் சொல்லுக்குச் சொல், ஏஜெண்ட் எண், எக்ஸ்டென்ஷன், எந்த மேசை, ஐ.டி. பிரிவு கொடுத்த புகார் எண், மீண்டும் உள்ளே போன நேரம் ஆகிய இவையெல்லாம் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் இருந்தால் மாதக் கடைசியில் பேச்சுக்கு இடமிருக்காது. படம் எடுப்பதில் மட்டும் கவனம் தேவை. கைப்பேசியால் திரையைப் படம் எடுக்கப் பல மையங்களில் தடை உண்டு. வாடிக்கையாளரின் பெயரோ அடையாள அட்டை எண்ணோ படத்தில் விழுந்து வெளியே போனால், 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ள தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நிறுவனத்துக்கே தலைவலி. எடுத்தவர் வேலையும் போகும். பிழைச் செய்தி உள்ள சிறு பெட்டியை மட்டும் கணினியிலேயே வெட்டி, அலுவலக மின்னஞ்சலில் ஐ.டி. பிரிவுக்கும் தமக்கும் அனுப்பிக்கொள்வது பாதுகாப்பான வழி.

சம்பளச் சீட்டில் தவறு கண்டால் மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில், தேதி தேதியாக, திருத்தம் கேட்க வேண்டும். ஒட்டுமொத்த அறிக்கை போதாது. சம்பந்தப்பட்ட நாளின் லாகின், லாக்அவுட், காரணக் குறியீடு உள்ள விரிவான பதிவையும், அது எந்த நேர மண்டலத்தில் எடுக்கப்பட்டது என்பதையும் கேட்கலாம். அங்கே பதில் கிடைக்காதபோது, வேலை செய்யும் இடத்துக்கு உட்பட்ட தொழிலாளர் இலாகா அலுவலகத்தில் சம்பளக் கோரிக்கையைப் பதிவு செய்யலாம். வேலைவாய்ப்புச் சட்டத்தின் 69-வது பிரிவின்கீழ் அதை விசாரிக்கும் அதிகாரம் இலாகாவுக்கு உண்டு. போகும்போது வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், அந்த நோட்டுப் புத்தகம், புகார் எண்கள் உள்ள மின்னஞ்சல்களின் அச்சுப்படி ஆகியவற்றைக் கையோடு கொண்டு செல்ல வேண்டும்.